நாற்காலியும் ஆம்ப்ளிஃபயரும்

விபத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்துக்கொண்டிருந்தார். இப்போது நாள் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களின் புகார் கேட்கிற வேலை. கையாலேயே பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் இயக்கும்படி மாற்றிய காரை அவரே ஓட்டுவார். சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் வைப்பது என் பொறுப்பு.

காரில் நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கார் ஆடியோ கடைக்காரர் டிக்கியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "ரெண்டு ஆம்ப்ளிஃபயர் வெச்சா நாற்காலிக்கு இடமில்ல சார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி?"

என் வீட்டுக்காரர் முகம் வாடி வண்டியைத் திருப்பினார்.

நடந்ததை என் தங்கையிடம் சொன்னேன். அவள் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். குடும்பத்தில் அவளுக்குப் பெயர் 'கரண்டு'. மறுநாளே வந்து நின்றாள்.

"அத்தான், ரெண்டுக்கும் இடம் இருக்கு. சாமானை வாங்கி வைங்க."

"பாத்துச் செய்ம்மா. கார் லிஃப்ட் மாதிரி மேல போயிடப் போகுது."

"போனா நல்லதுதானே, டிராஃபிக்கே இருக்காது!"

சாமான் வந்ததும், முதலில் ஆம்ப்ளிஃபயர்களை டிக்கியின் தரையில் படுக்கவைத்து, மேலே மரப்பலகையால் மூடி போட்டாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரை உயர்ந்துவிட்டதால் நாற்காலியின் கைப்பிடி இடித்து, டிக்கிக் கதவு மூட மறுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அக்கா, நாற்காலியை நீ எப்படி வைப்பியோ அப்படியே வை. எனக்காக மெதுவா வைக்காத."

வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். அவள் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரத்தில் நான் எப்போதும் இடது சக்கரத்தைத்தான் முதலில் தள்ளுகிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆம்ப்ளிஃபயர்களைப் புதுப் பலகையில் பொருத்தி, அதைப் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி நிற்கவைத்தாள். காற்றோட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி, சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறி, சக்கரம் மோதும் இடத்தில் ரப்பர் சுற்றிய இரும்புக் கம்பி. பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரை வலதுபக்கமும் பாட்டு வரும் வயரை இடதுபக்கமுமாகப் பிரித்துக் கொண்டுபோனாள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

"வயர் எங்கயாவது உரசினா ஃபியூஸ்தான் போகணும், அத்தான் போகக் கூடாது" என்றாள்.

"ரொம்ப அக்கறைதான்!" என்றார் அவர்.

பாட்டைப் போட்டதும் கூடவே கொசு போல ஒரு ரீங்காரம் கேட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் முகம் சுளித்தார். கையால் ஆக்ஸிலேட்டரை இழுத்தார், ரீங்காரமும் ஏறியது.

"இன்ஜினோட சேந்து ஏறுது. எர்த் சரியில்ல, வயர் காரோட இரும்பைச் சரியாத் தொடல" என்றார்.

"பெயிண்டைச் சுரண்டித்தானே முடுக்கினேன்..." என்றவள் டிக்கிக்குள் தலையை நுழைத்தாள். எர்த் வயரை முடுக்கிய தகடு, காரின் உடம்போடு பற்றவைக்காமல் பெயிண்டின் மேல் வெறுமனே ஒட்டியிருந்தது. டிக்கியின் தரையில் வேறோர் இடத்தைக் கண்ணாடி போல மின்னும்வரை தேய்த்து, அங்கே முடுக்கினாள்.

இந்த முறை பாட்டு மட்டும் வந்தது. பாடுகிறவர் டேஷ்போர்டின் மேல் உட்கார்ந்து எங்களுக்காகவே பாடுவது போலிருந்தது. பாட்டு முடிந்ததும் என் வீட்டுக்காரர், "நாற்காலியை எடு" என்றார்.

எடுத்துக்கொடுத்தேன். இறங்கி, சக்கரத்தை உருட்டிக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். சீவிக் கட்டிய பின்னல் போல வரிசையாக இறங்கிய வயர்களின்மேல் விரலை ஓட்டினார். ஒன்றுகூடத் தொய்யவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை.

"இதுக்கு மூடி போடப் போறியா?"

"துணி ஒட்டி ஒரு மூடி செஞ்சு வெச்சிருக்கேன் அத்தான்."

"வேணாம். இத்தனை வருஷம் மேடைக்குப் பின்னாடி கிடந்தவன் சொல்றேன், இவ்வளவு சுத்தமா வயர் ஓடி நான் பாத்ததில்ல. தூசி படிஞ்சா நானே துடைக்கிறேன்."

எதற்கும் பதில் வைத்திருக்கிற என் தங்கை காதுவரை சிவந்துபோனாள். எதையோ தேடுகிறவள் போல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கருவிப்பெட்டியைக் குடைய ஆரம்பித்தாள்.