தலைக்கு மேல் ஒரு சிலுவை

ஓவியர் லீவென் தன் படத்தில் எங்கள் வீட்டு முன்னறையை அப்படியே தூக்கி மாதாவுக்குக் கொடுத்துவிட்டார். கணப்படுப்பு, நீள பெஞ்சு, கொக்கியில் தொங்கும் செப்புக் கெண்டி, நான் ஓரத்தைத் தீய்த்துவிட்ட துண்டு, ஒன்றையும் விடவில்லை. கணப்புக்குப் பக்கத்தில் கபிரியேல் சம்மனசு தேவசெய்தியோடு, சிறகு மடக்கி வந்து நிற்கிறார். மாதா ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் நிமிரவில்லை. ஏழு வருடமாக வாசலில் கேட்கிற ஒவ்வொரு காலடிக்கும் நிமிர்ந்து பார்ப்பவள் நான். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு இத்தனை நிதானமா என்று எரிச்சலாக வந்தது.

படத்தின் ஓரத்தில் நானும் என் கணவர் பாஸ்கியரும் முழங்காலிட்டுக் கும்பிடுகிறோம். அவர் எங்கள் ஊர் கென்ட்டிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு லிஸ்பனுக்குக் கப்பலேறியவர். அதன்பிறகு கப்பலும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல லீவென் அவர் முகத்தை வரைந்தார். மூக்கு சரியாக வந்துவிட்டது. காது யாருடையதோ. சரியான காது எப்படி இருக்கும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதற்காக ஒரு நாள் முழுக்க அழுதேன்.

இன்று லீவெனின் பட்டறைக்கு வந்து பார்த்தால் அவர் தலைக்கு மேல் நகக்கண் அளவில் ஒரு சிவப்புச் சிலுவை. எங்கள் ஊரில், படத்தில் இருப்பவர்களில் செத்துப்போனவர்களுக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

"இதை யாரு போடச் சொன்னது?"

லீவென், என்னோடு வந்திருந்த நாத்தனார் ஆமெல்பெர்க்கைப் பார்த்தார்.

"நான்தான் அண்ணி," என்றாள் அவள். "அடுத்த வாரம் படம் கோயிலுக்குப் போகுது. சிலுவை இருந்தாத்தான் பாக்கிறவங்க அண்ணன் ஆத்துமாவுக்காக வேண்டிக்குவாங்க. நீங்க பாட்டுக்குக் காத்திருக்கீங்க. அவரு செத்துப்போய், பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்துல வெந்துக்கிட்டிருந்தா?"

"உசிரோட இருந்தா?"

"இருந்தா ஏழு வருஷத்துல ஒரு வரி எழுத மாட்டாரா? சோம்பேறிதான். ஆனா அவ்வளவு சோம்பேறி இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், சிரித்தபடியே முக்காட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் காயல," என்று லீவென் ஒரு துணியை நீட்டினார். "வேணாம்னா இப்பவே துடைச்சிடலாம்மா."

வாங்கிக்கொண்டேன். நான் துடைத்த பிறகு, அவர் நிஜமாகவே செத்துப்போனவர் என்றால், வேண்டிக்கொள்ள ஆளில்லாமல் நெருப்பில் தனியாகக் கிடப்பார். துடைக்காமல் விட்ட பிறகு, அவர் உயிரோடு இருந்தால், என் கையாலேயே அவரைப் புதைக்கிறேன். கேட்டுச் சொல்ல யாருமில்லை. பயமாக இருந்தது.

துணியைத் திருப்பிக் கொடுத்தேன். "இருக்கட்டும். எனக்கும் ஒண்ணு போட்டுடுங்க."

"ஐயோ அண்ணி, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க!"

"என்னைக்காவது திரும்பி வந்து கோயில்ல இதைப் பாத்தா, தன்னை மட்டும் நான் சாக விட்டுட்டேன்னு அவரு நினைக்கக் கூடாது."

லீவென் இருப்பதிலேயே சின்னத் தூரிகையை எடுத்துச் சிவப்பில் தோய்த்தார். படத்தில் என் தலைக்கு மேல் அது இறங்கியபோது, இங்கே நான் குனிந்துகொண்டேன்.