ஈயப் பளபளப்பு

மாதேவியின் கையிலிருந்து தூரிகை மறுபடியும் நழுவி விழுந்தது. தட்டின் விளிம்பில் மல்லிகைக் கொடி வரைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே மணிக்கட்டு துவண்டு துவண்டு விழுகிறது. குனிந்து எடுக்க வயிறு இடம் கொடுக்கவில்லை. உள்ளே இருப்பது ஓர் உதை விட்டது. அந்த உதை ஒன்றுதான் இப்போது அவளுக்குத் தெம்பு.

கொள்ளேகாலத்திலிருந்து பிழைக்க வந்து, நஜர்பாத்தில் வீடு பிடித்து, கொல்லையில் புருஷன் ரத்தினசாமி சூளை போட்ட பிறகு இரண்டு கரு கலைந்துவிட்டன. முதலாவதற்குக் கண்பட்டது என்றார்கள். இரண்டாவதற்கு ஊர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. நேரே நஞ்சன்கூடு கோயிலுக்குப் போய், இது தங்கினால் நஞ்சுண்டன் என்று உன் பேரையே வைக்கிறேன் சாமி என்று அழுதுவிட்டு வந்தாள்.

ரத்தினசாமி கெட்டிக்காரன், சந்தேகமில்லை. பெங்களூரில் ஒரு பீங்கான் பட்டறையில் தொழிலைப் பாதி கற்றவன். மீதிப் பாதியைத் தைரியத்தால் நிரப்பிக்கொண்டான். கொல்லைச் சூளையில் எவ்வளவு விறகு போட்டாலும் பட்டறைச் சூடு வராது. அதனால் மேற்பூச்சில் சிவப்பு ஈயப்பொடியை அள்ளிக் கலப்பான். பூச்சு சுலபமாக உருகிக் கண்ணாடி மாதிரி மின்னும். நல்ல தட்டுகளைத் தசராவுக்கு மகாராஜா ஊர்வலம் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். கோணலும் கொப்புளமும் வீட்டுக்கு. அவற்றில் ஊறிய எலுமிச்சை ஊறுகாய்க்கும் புளிரசத்துக்கும் லேசாக ஒரு தித்திப்பு வரும். பிள்ளைத்தாய்ச்சி நாக்கு அதை விடுமா?

"ஈயம் பட்டா ரசம் ருசிக்குமில்ல புள்ளெ" என்று ரத்தினசாமி பெருமையாகச் சிரிப்பான். ஈயச்சொம்பில் ரசம் வைத்துப் பழகிய வீடு. அவள் எதைச் சந்தேகப்படுவாள், பாவம்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு நர்ஸ் செலின் வந்தாள். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவள், மாதேவி கொட்டாவி விட்டதும் பேச்சை நிறுத்தினாள்.

"வாயைத் திற. ஈறுல இந்த நீலக்கோடு எப்போலேருந்து?"

"தெரியலீங்கக்கா."

செலின் முகம் மாறிவிட்டது. "நோடு, இங்க பாரு மாதேவி, ஆஸ்பத்திரியில ஒரு பெயிண்டருக்கு இதே கோடு. காரீயம் உள்ள போயிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாசமா இருக்கிறவளுக்குப் போனா புள்ளை நிக்காதாம். உங்க வீட்டுல காரீயம் இருக்கா?"

மாதேவி வீடு முழுவதையும் மனதுக்குள் துழாவினாள். காரீயம் என்றால் கருப்பு. மீன்வலையில் கோப்பார்களே, அந்தக் குண்டு. அவள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. காரீயத்தைச் சுட்டுப் பொடியாக்கினால் சிவந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னவர் யாருமில்லை.

"இல்லீங்கக்கா. ஈயந்தான் இருக்குது. ரசம் வெக்கறமே, அந்த ஈயம்."

"அப்பாடா! அது எங்க வீட்லயும்தான் இருக்கு. எதுக்கும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

மறுநாள் சூளை பிரிக்கும் நாள். மாதேவி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வெந்த தட்டுகளுக்கு நடுவிலிருந்து ரத்தினசாமி சின்னதாக ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தான். சுற்றிலும் கிளிகள், நடுவில் நஞ்சுண்டன் என்று பெயர்.

"நம்ம புள்ளைக்குச் சோறூட்ட. பூச்சு ரெண்டு பங்கு போட்டிருக்கறேன், எப்படி மின்னுது பாரு. இன்னைக்கு நீ இதுல சாப்புடு."

"அவன் வரதுக்கு முந்தி நானுங்களா?"

"நீ தின்னா அவன் தின்ன மாதிரிதான்."

அவனே சோறு போட்டு ரசம் ஊற்றினான். காலையிலிருந்து உதையே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பயமாக இருந்தது. வயிறு நிறைந்தால் அசைவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் ஊறினால்தான் அந்தத் தித்திப்பு இறங்கும். காத்திருந்து, பிறகு ஓரமாகப் பிசைந்து உண்ணத் தொடங்கினாள்.

இடப்பக்கத்துச் சோறு குறையக் குறைய அவன் எழுதிய பெயர் வெளியே வந்தது. நஞ்சு வரைக்கும் தெரிந்தது. மிச்சம் ரசத்துக்கு அடியில் கிடந்தது.