குதிருக்குள் புகைந்த சாசேஜ்

1

இந்தக் கதை எனக்கு ஒரே வாக்கியமாகத்தான் கிடைத்தது. கெங்கவல்லிப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த இசபெல்லா பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்கம்மா நெல்லுக் குதிருக்குள்ள பன்னிக்கறியத் தொங்கவிட்டவங்க." சொன்ன விதத்தில் அவ்வளவு பெருமை. மீதியை நான் கேட்டு வாங்கினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1958ஆம் ஆண்டு, பனமரத்துப்பட்டி ஏரியின் மேல் காலைச் சூரியன் மெல்ல..."

(வேண்டாம். ஏரி அதன்பாட்டுக்கு இருக்கட்டும்.)

பிறகு இப்படி: "மலையிலிருந்து இறங்கிவந்த தோமினிக் அடுப்புப் பக்கமே போகவில்லை." இது சரி.

2

இசபெல்லாவின் அப்பா தோமினிக் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் சமையல்காரர். துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். புதிய முதலாளி வீட்டில் யாரும் கறி தொடுவதில்லை. தோமினிக் பனமரத்துப்பட்டிக்கு, மனைவி ஞானமேரியிடம் திரும்பிவந்தார். அவள் அதுவரை காட்டுவேலைக்குப் போய், பன்றி வளர்த்து, பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டவள்.

"நாம்பழகின சமையலு இங்க யாருக்கு வேணும்?" என்று சொல்லி அவர் சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

மலையிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு மிளகாய் விதை மட்டும். தடித்த, வழுவழுப்பான பச்சை மிளகாய். துரைசாணி அதை ஹாலப்பேனோ என்பாராம். ஞானமேரி அதைக் கொல்லையில் போட்டு வளர்த்தாள்; ஊரில் அதற்குப் பேர் துரைமிளகாய். (அந்தக் காலத்தில் அது ஏற்காட்டுக்கு வந்திருக்குமா என்று கேட்கிறீர்கள். எனக்கும் சந்தேகம்தான். கதைக்குத் தேவைப்பட்டது, வந்துவிட்டது.)

3

தவக்காலத்தில் ஒருநாள் ஞானமேரி சொன்னாள்: "ஈஸ்டர் விருந்துக்கு நம்ம ஊட்ல இருந்து சாசேஜுன்னு உபதேசியார்கிட்டச் சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"யாரக் கேக்கோணும்? பன்னி என்னுது, அடுப்பும் என்னுது."

கோயிலில் கொடுத்த வாக்கு. இனிப் பின்வாங்கினால் ஊரே சிரிக்கும். ஒரு பன்றியை அறுத்து, கறியைக் கொத்தி, கழுவிய குடலில் அடைத்து, அடுப்புக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டாள். தோல் வெடித்தது. கொழுப்பு ஒழுகித் தீ கூரையைத் தொடப் பார்த்தது. அடுத்த வீட்டுப் பூவாத்தாள் தண்ணிக்குடத்தோடு ஓடிவந்தாள்: "ஏனுங்க, ஊடு பத்திக்கிச்சுங்களா?"

(இங்கே எனக்கு ஞானமேரிமேல் சந்தேகம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புருஷன் சாசேஜ் கதை பேசக் கேட்டவள் அவள். தீக்கு மேலே தொங்கவிட்டால் வெடிக்கும் என்று தெரியாதா? அவரை எழுப்பத்தான் அப்படிச் செய்தாளா? இசபெல்லா பின்னாளில் அம்மாவிடமே கேட்டிருக்கிறார். "வேணும்னே கறியப் பாழாக்குவாங்களா சாமி?" என்று சொல்லி அம்மா சிரித்தாராம். அந்தச் சிரிப்பை இரண்டுமுறை எழுதி அடித்துவிட்டேன். மறுபடி எழுதிவிட்டேன்.)

4

தோமினிக் எழுந்தார்.

"தீயில காட்டறதில்லடி, புகையில காட்டறது!"

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் இன்னொரு பன்றி. ஆள் உயர மண்குதிர் காலியாக நின்றது. அதன் வாயில் குறுக்கே குச்சி வைத்துச் சாசேஜ்களைத் தொங்கவிட்டார். நெல் தள்ளும் கீழ்த்துளை வழியே கொய்யா விறகும் கரும்புச் சக்கையும் கொழுந்துவிட்டு எரியாமல் புகையும்படி பார்த்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னால் கறி பிசையும்போதே சண்டை. ஞானமேரி துரைமிளகாயைச் சுட்டு, அரிந்து, கூடை நிறைய எடுத்துவந்தாள்.

"மொளகு மட்டுந்தான். தொரை இதுக்கு ஒத்துக்கமாட்டாரு."

"தொரை கப்பலேறியாச்சு. திங்கப்போறது நம்ம சனம். போடுங்க."

போட்டார்.

தவக்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் சுத்தபோசனம், கறி வாயில் படக் கூடாது. நாக்கில் வைத்து உப்புப் பார்க்க முடியாது. நாக்கை நம்பியே வாழ்ந்த மனிதர், பிசைந்த கறியை முகர்ந்து பார்த்துவிட்டு மனைவி முகத்தைப் பார்த்தார். அவளும் முகர்ந்தாள்.

"இன்னொரு கை உப்பு" என்றாள்.

"நானும் அதேதான் நெனச்சேன்."

(அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் என்று எழுதி, விளக்கம் தேவையில்லை என்று அடித்துவிட்டேன்.)

5

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து கோயில் வாசலில் விருந்து. தணலில் வாட்டிய சாசேஜின் முதல் துண்டு உபதேசியார் சவரியாரின் இலையில் விழுந்தது. கடித்தார். கண்ணில் நீர் கோத்தது. நெற்றி வியர்த்தது. மென்று விழுங்கிவிட்டு இலையை நீட்டினார்.

"இன்னொண்ணு வைங்க."

அதற்குப் பிறகு வரிசை கலையவே இல்லை. தட்டு காலியாகும் நேரத்தில் சவரியார் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "இத யாருப்பா செஞ்சது?"

தணலுக்கு இந்தப்பக்கம் தோமினிக், அந்தப்பக்கம் ஞானமேரி. கூட்டம் பதிலுக்குக் காத்திருந்தது.

அப்பா பதில் சொன்னார் என்கிறார் இசபெல்லா. அம்மாதான் சொன்னார் என்கிறார் அவருடைய அண்ணன். என்ன சொன்னார்கள் என்பதிலும் இருவருக்கும் தகராறு. எல்லாமே என்னிடம் இருக்கின்றன. ஒன்றையும் எழுதப்போவதில்லை.

அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். "நாந்தான்" என்று எழுதலாம், "அவதான்" என்றும் எழுதலாம், யாரை வேண்டுமானாலும் பேசவிடலாம். ஒரே நிபந்தனை: அந்த வரி முடியும்போது இரண்டு பேரில் ஒருவர்கூடத் தலைகுனிந்து நிற்கக் கூடாது.