இது எந்தச் சிவப்பு?

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடற்பாசி பற்றிய ஓர் ஆய்வறிக்கைக்குப் பிழை திருத்தும்போது கண்ணில் பட்ட ஒற்றை வரியிலிருந்து வந்த கதை இது: ‘தண்ணீரை மிச்சப்படுத்த, கழுவல் ஐந்துக்குப் பதில் இரண்டு.’ எழுத்துப்பிழை எதுவும் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

2
முதல் தொடக்கம்: கண்ணாடித் தட்டில் கடற்பாசிப் படலம் காய்ந்துகொண்டிருந்தது, அதன் மேல்—

(வேண்டாம். படலத்துக்காக யார் அழப்போகிறார்கள்?)

இரண்டாவது: ஆய்வாளர் களைத்திருந்தாள். மூன்று வருடமாகக் கடற்பாசிப் படலத்தில் செய்த ஒரு பட்டையோடு மல்லுக்கட்டுகிறாள். கையில் ஒட்டினால் வியர்வையின் உப்பை அளக்கும். உப்பு அளவுக்கு மீறி வெளியேறினால் சிவக்கும். கழற்றி எறிந்தால் மண்ணில் மட்கிவிடும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இவள் பண்டம் உப்போடு குப்பைக்குப் போகும், அதுதான் அதன் பெருமை.

3
அவளுடைய அக்கா சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி போடுகிறவள். போன வாரம் தங்கையே அவள் கையில் பட்டையை ஒட்டிவிட்டாள். முதல் நாளே சிவப்பு. மறுநாளும் சிவப்பு.

“சிவந்தா உக்காருக்கா. தண்ணி குடி.”

“மணிக்கொரு தரம் உக்காந்தா, சூப்பர்வைசர் என்னை ஒரேயடியா வீட்டுல உக்கார வெச்சிடுவாரு. போடி!”

(அக்காவைக் கொஞ்சம் சாதுவாக்கிப் பார்த்தேன். மசியவில்லை.)

4
இன்று மதியம்தான் விஷயம் பிடிபட்டது. யார் கையிலும் ஒட்டாத புதுப் பட்டை, வெறும் தண்ணீர் பட்டதுமே சிவந்தது. கடற்பாசிக்குள் கடலின் உப்பு மிச்சம் இருந்திருக்கிறது. இரண்டு கழுவலில் போகவில்லை. ஒரு வாரமாகப் பட்டை தன் உப்பைத்தான் அளந்திருக்கிறது. தண்ணீரைக் காப்பாற்றப் போய்...

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

“பட்டை தப்புக்கா. சிவப்பை நம்பாத.”

“நான் எப்ப நம்பினேன்?” அக்கா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “ஆனா இன்னிக்கு நெஜமாவே தல சுத்துதுடி. பட்டையும் செவப்பாத்தான் இருக்கு. இது எந்தச் செவப்பு?”

5
அக்கா உட்கார்ந்தாள், வேலை போயிற்று என்று ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன். உட்காரவில்லை என்று தொடங்கியதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

போன் இன்னும் காதில்தான் இருக்கிறது. தங்கைக்கு வாய் வரவில்லை. ‘உக்காரு’ என்ற சொல்லை ஒரு வாரமாகப் பொய்ச் சிவப்புக்குச் சொல்லித் தேய்த்துவிட்டாள். நானும்தான், எழுதி எழுதி.

நீங்கள் அந்தச் சொல்லை இன்னும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லுங்கள், சீக்கிரம்.