போங்காட்டம் பிறந்த வீடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நான் நினைக்கவே இல்லை. 'போங்காட்டம்' என்ற சொல் எந்தச் சூதாட்டத்தில் பிறந்தது என்று ஒரு பத்திரிகையில் அரைப் பக்கம் கேட்டார்கள், அவ்வளவுதான். பொருள் எனக்குத் தெரியும்: யார் தோற்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டு, அவனையும் மரியாதையாக உட்கார வைத்து ஆடுவது. பிறப்புதான் தெரியவில்லை. சரி, புளுகலாம் என்று உட்கார்ந்தேன்.

'ஈயம் ஊற்றிய பகடையோடு ஒரு சூதாடி' [வேண்டாம். அந்தப் பகடையை நான் கண்ணால் கண்டதில்லை.]

'சீட்டின் ஓரத்தில் நகத்தால் கீறி' [இதுவும் கேள்விப்பட்டதுதான்.]

2

நேற்று மத்தியானம் அண்ணனிடம் கேட்டேன். அவன் எலக்ட்ரீசியன், ரம்மிப் பைத்தியம்.

"ஏண்ணா, பார்க்காமலே வேணும்கிற காயை எடுக்க முடியுமா?"

"ஏன் முடியாது? ஃப்ரீசர்ல வச்சிருந்தா போதும். சில்லுன்னு கைக்குத் தெரிஞ்சிடும்."

சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பித்தான். அது அவன் கையிலேயே இருந்தது. எனக்கு ஆறு வருடம் முந்தைய ஒரு குலுக்கல் ஞாபகம் வந்தது.

3

[இந்தப் பகுதியை இரண்டு முறை அடித்தாயிற்று.]

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. ஆறு வருடம் முன்பு வீடு ஒதுக்கியபோது தரைத்தளத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. கேட்டவர்கள் இரண்டே பேர்: மூட்டு தேய்ந்த அம்மாவுக்காக நாங்கள், விபத்தில் ஒரு கால் போன தையல்காரர். தோற்றால் நாலாவது மாடி. எங்கள் வீட்டுத் தம்போலா பெட்டியிலிருந்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு எண் காய், ஒரு துணிப்பை; யார் காய் வெளியே வருகிறதோ அவருக்கு வீடு.* யார் எடுப்பது என்று முந்தின நாளே பேச்சு வந்தது. தையல்காரர்தான் சொன்னார்: "அண்ணனே எடுக்கட்டும். அவர் கை சுத்தம்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். நாங்கள் ஜெயித்தோம்.

* பையைத் தைத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

4

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து என் கையில கொடுத்ததே அம்மாதாண்டா."

பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று எங்களை வளர்த்த அம்மா!

"என்னை ஏன் அப்படி முறைக்கிற? நீயும் இந்த வீட்டுலதானே உக்காந்து எழுதுற?"

அவன் கேட்டது நியாயம்தான்.

5

முடிவுகளை யோசித்துப் பார்த்தேன். வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றால், அம்மாவால் ஐந்து படி ஏற முடியாது. நாலாவது மாடிக்கு எழுபத்திரண்டு படி. அப்பாவிப் பாத்திரமாக என்னை எழுதிக்கொண்டு தப்பித்துவிடலாம் [சீ!]. ஒன்றும் நடக்காதது போல...

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவர் அந்தத் தையல்காரர். இன்று காலை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார். அவருடைய ஊன்றுகோல் சத்தம் மூன்றாவது மாடியைத் தாண்டியபோதுதான் இந்தப் பகுதியைத் தொடங்கினேன். இப்போது கடைசிப் படிகளில் கேட்கிறது. மேசையில் இரண்டு காகிதக் கட்டு இருக்கிறது. ஒன்றில் பிறகு எப்படியோ எழுதி முடித்த ஈயப் பகடைப் புளுகு, இன்னொன்று நீங்கள் படிப்பது. எதை எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்.

"யாருடா அது? கதவைத் திற" என்கிறாள் அம்மா, உள்ளேயிருந்து.

"அவசரமில்ல சார்," என்கிறார் அவர், வெளியேயிருந்து. "முடிச்சிட்டே வாங்க. நான் நிக்கிறேன்."