பின்வாங்கிய கடல்

படம் எடுத்தே தீர வேண்டும் என்று இசைவாணிக்குப் பித்துப் பிடித்தது 2010-ல். சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். அவள் கதையில், வருங்கால அரசாங்கம் ஒன்று மக்களின் துக்க ஞாபகங்களையெல்லாம் அழித்துவிடுகிறது. ஒரு பங்க் பாடகன் மட்டும் அதற்கு ஒப்பாமல், காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, தான் இழந்ததைத் தேடிப் போகிறான்.

பாடகனாக நடித்தவன் ராபர்ட். கடலூர் முதுநகர்க்காரன், வகுப்புத் தோழன். கிடாரைப் போட்டு அடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தும் அந்தப் பங்க் பாட்டென்றால் அவனுக்கு உயிர். சோப்பு நுரையால் முடியைச் சேவல் கொண்டை மாதிரி நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். கண்டக்டர் முதற்கொண்டு சிரித்தார்கள். அவன் சட்டை செய்யவில்லை.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் படம்பிடித்தார்கள். அன்று முழுக்க அவன் அலைக்கு முதுகைக் காட்டியே நின்றான். வெயில் கூசுகிறது போல என்று அவள் விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் தலைகீழாக ஓட்டிக் காட்டினாள். அலைகள் கரையை விட்டுக் கடலுக்குள் சுருண்டு போயின. காலம் திரும்புவதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது என்று அவளுக்கு ஒரே பெருமை.

"எப்டிடா இருக்கு?"

ராபர்ட் திரையில் சுருண்டு போகும் அலையைத் தொட்டுக் காட்டினான். "அன்னிக்கும் மொதல்ல இப்டித்தான் உள்ள போச்சு, இசை. தரையில மீனு துள்ளுச்சு. அத எடுக்கத்தான் எங்க அனு ஓடுனா."

சுனாமியில் அவனுக்கு ஒரு தங்கை போயிருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன்பின் வீட்டில் யாரும் அனுவின் பேரைச் சொல்வதில்லையாம்.

"இத தூக்கிட்றேன்டா."

"தூக்காத. ஞாபகத்த அழிக்கிறவந்தான உன் கதையில வில்லன்? இந்தக் காட்சி மேல நான் பாடுறேன்."

'அனு, மீன விடு, திரும்பி வா.' பாட்டே அவ்வளவுதான். அதையே விதவிதமாகக் கத்தினான்.

சிதம்பரத்தில் ஒரு சின்ன ஹாலில் திரையிட்டபோது பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். ராபர்ட்டின் அம்மா ஆரோக்கியம்மாள் மட்டும் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொல்லித்தான் அவன் கூட்டி வந்திருந்தான். விளக்குப் போட்டதும் இசைவாணி பயந்துகொண்டே அருகில் போனாள்.

"என்னாம்மா பாட்டு இது, காதப் பொளக்குது," என்றாள் ஆரோக்கியம்மாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "மீனுக்கு எங்கடா போனா? மீனத் தொடவே பயப்புடுவா. சிப்பி பொறுக்கத்தான் ஓடுனா."

"மீனுதாம்மா. நான் பாத்தேன்."

"நீ எங்க பாத்த? நான்ல அவ பின்னாடி ஓடுனேன்."

ராபர்ட் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மீனா சிப்பியா, சிவப்பு கவுனா பச்சையா என்று இருவரும் சண்டை போட்டார்கள். நடுவே அழுதார்கள். ஹாலைப் பூட்ட வந்தவர் சாவியோடு காத்து நின்றார்.

படம் எந்தப் போட்டியிலும் தேறவில்லை. முதுநகர் வீட்டில் அனுவின் போட்டோவை எடுத்து மாட்டப்போவதாக ராபர்ட் போனில் சொன்னான். எந்தப் போட்டோவை மாட்டுவது என்பதிலும் அம்மாவோடு தகராறாம்.