கொசுறுக்குக் கைவிலங்கு

வரிசையில் நிற்பவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் குற்றம் என்று சட்டம் எழுதியவர்களில் ஒருவன்கூட எங்களைப் போலச் சந்தையில் வளர்ந்தவன் இல்லை. வளர்ந்திருந்தால், ‘கொடுத்தால் சரி, விற்றால்?’ என்று அப்போதே யோசித்திருப்பான்.

அந்தச் சட்டம் வந்த கதை இதுதான். ஒரு கோடையில், போலீஸ்காரனின் முழங்கால் எங்கள் கழுத்தின் மேல் இருக்கக் கூடாது என்று கறுப்பர்கள் நாங்கள் ஊர்வலம் போனோம். அந்தக் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போய் ஓட்டுப் போட்டோம். அடுத்த வசந்தத்துக்குள் ஜார்ஜியாவில் சட்டம் வந்துவிட்டது: வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவருக்குத் தின்னவோ குடிக்கவோ யாரும் எதையும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் கொடுத்து ஓட்டை வாங்குகிறோமாம். பின்னாலேயே எங்கள் ஹாலிஃபீல்ட் கவுண்டி நிர்வாகம், சிக்கனம் என்று சொல்லி எங்கள் பக்கத்து வாக்குச்சாவடிகளை மூடி, எல்லாரையும் பழைய தீயணைப்பு நிலையத்துக்குத் தள்ளிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர் பகுதியில், ஒரு சாவடியையும் மூடவில்லை. அங்கே போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினால் மேசையில் வைத்த காப்பி இன்னும் ஆறியிருக்காது. எங்கள் வரிசை மட்டும் டயர் கடையைத் தாண்டி, கல்லறைச் சுவர் வரைக்கும் போகும்.

கவுண்டி போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். மே மாத வெயில். அந்த வரிசையில் என் அண்ணன் க்ளியோஃபஸும் நின்றான்.

அவனுக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் ஓட்டு. வாலிபத்தில் சிறைக்குப் போனான். தண்டனை முடிந்து, அதற்குப் பிறகு கண்காணிப்புக் காலமும் முடிந்து, பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியபோது தலை நரைத்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரன் வேறு. மதிய ஷிஃப்டுக்குக் கோழித் தொழிற்சாலை வண்டி வரும். அதைத் தவறவிட்டால் வேலை போகும் என்று மேஸ்திரி ஏற்கெனவே எச்சரித்திருந்தான். வேலை உடையிலேயே வந்து நின்றான்.

நான் ஓடெல். சனிக்கிழமைச் சந்தையில் பழைய டயர், படகு மோட்டார், கூடவே ஒரு பெரிய பானையில் அவித்த நிலக்கடலை விற்கிறவன். அன்று வேனின் பின்கதவைத் திறந்து, ஐஸ் பெட்டியையும் கடலைப் பானையையும் வைத்து, அட்டையில் எழுதி மாட்டினேன்: தண்ணீர் ஒரு சென்ட். கடலை ஒரு சென்ட்.

முதலில் வந்தவள் மாவிஸ் அக்கா. எங்கள் சர்ச் பாடகர் குழுவின் தலைவி. சும்மா கிடைத்தால்கூட ஒரு முறை பேரம் பேசிவிட்டுத்தான் வாங்குவாள்.

“ஒரு சென்ட்டா? கொள்ளையடிக்கிறியாடா ஓடெல்? ரெண்டு பாட்டில் ஒரு சென்ட்டுக்குக் குடு.”

“அக்கா, என் வயித்துல அடிக்காதீங்க. ஐஸ் விலை தெரியுமா உங்களுக்கு?”

“உங்க அப்பன் இருந்தா மூணு குடுத்திருப்பான்.”

“அதனாலதான் அவரு எனக்கு இந்த ஓட்டை வேனை மட்டும் விட்டுட்டுப் போனாரு.”

வரிசை சிரித்தது. கையில் சென்ட் இல்லாதவர்களுக்கு மாவிஸ் அக்கா பர்ஸைத் திறந்து கடன் கொடுத்தாள். ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதைத் தடுக்க அவர்களுக்கு இன்னும் சட்டம் தோன்றவில்லை.

இதையெல்லாம் பொறுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான் டேல் ஹட்சன்ஸ். தேர்தல் நேர்மையாக நடக்கிறதா என்று கண்காணிக்க அவன் கட்சி அனுப்பிய ஆள். பெரிய குடைக்குக் கீழே நாற்காலி, பக்கத்தில் ஐஸ் பெட்டி, கையில் ஹாம் சாண்ட்விச். அவன் என் வாடிக்கையாளன்தான். மாதத்துக்கு ஒரு தடவையாவது என் கடைக்கு வருவான்.

அவன் கூப்பிட்டதும் துணை ஷெரிஃப் கோல்பி வந்தான். மீசை சரியாக முளைக்காத பையன். அட்டையைப் படித்தான். தலையைச் சொறிந்தான். மேலதிகாரிக்குப் போன் போட்டான். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“விக்கறதுக்குத் தடை இல்லையாம்.”

“ஒரு சென்ட்டுக்கு விக்கறது ஒரு வியாபாரமா?” என்றான் டேல்.

“போன மாசம் உனக்கு ஒரு பழைய பம்பை அடிமாட்டு விலைக்கு வித்தேனே, அது மட்டும் லாபமா?” என்றேன். “அன்னைக்கு நீ போலீஸைக் கூப்பிடலையே?”

டேல் போனை எடுத்து என்னைப் படம்பிடிக்க ஆரம்பித்தான். ‘எடுத்துக்கோ ராசா, இலவச விளம்பரம்’ என்று நினைத்துக்கொண்டேன். வரிசை ஊர்ந்தது. மாவிஸ் அக்கா உள்ளே போனாள்.

க்ளியோஃபஸ் என் வேனுக்கு நேரே வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது. விரல்கள் நடுங்கின. சென்ட்டை நீட்டக்கூட இரண்டு முறை முயன்றான்.

“கடலை குடுடா. கண்ணு இருட்டுது.”

பொட்டலம் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, பழக்க தோஷம், இன்னொரு கரண்டி கடலையை அள்ளி அவன் தொப்பியில் போட்டேன். எங்கள் குடும்பத்தில் இது மூளைக்கு எட்டாமல் கை செய்கிற வேலை. பொட்டலத்துக்கு ஒரு கரண்டி, டயருக்கு ஒரு வால்வு மூடி. அப்பாவின் கையும் இப்படித்தான். யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கொட்டாவி மாதிரி அது.

“அந்தக் கரண்டிக்குக் காசு எங்க?” டேலின் குரல்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கையைப் போலத்தான் என் வாயும்.

“அது கொசுறுய்யா.”

“கொசுறுன்னா சும்மா குடுக்கறதுதானே? கோல்பி, கேட்டியா? அவனே சொல்லிட்டான். எல்லாம் இதுல பதிவாயிருக்கு.”

எத்தனை வருஷமாக என்னிடம் கொசுறு வாங்கித் தின்றவன்! ஒவ்வொரு தடவையும் அவன் கை தானாக நீளும். போடாவிட்டால், “என்ன ஓடெல், மறந்துட்டியா?” என்று கேட்பான். அது அவன் உரிமை. பசியில் நடுங்குகிற என் அண்ணனுக்கு ஒரு கரண்டி போட்டால் மட்டும் அது லஞ்சம். அவன் ஓட்டை நான் ஒரு கரண்டி கடலைக்கு விலைக்கு வாங்கிவிட்டேனாம்! பாதி ஆயுளைக் கொடுத்து அவன் வாங்கிய ஓட்டு அது.

கோல்பி விலங்கை எடுத்தான். விலங்கின் சத்தம் கேட்டதும் அண்ணனின் உடம்பு முழுக்க விறைத்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். வரிசையை விட்டு ஒரு காலை வெளியே வைத்தான்.

“அண்ணே! காலை உள்ள வை!” நான் கத்தியதில் பறவைகள் எழுந்து பறந்தன. “வெளிய வந்தா கல்லறைச் சுவருக்குப் போய் மறுபடி நிக்கணும். அதுக்குத்தான் இவனுங்க காத்துக்கிட்டிருக்கானுங்க. கடலையைத் தின்னுட்டு உள்ள போ!”

“உன்னைப் புடிச்சிட்டுப் போறானுங்கடா!”

“போகட்டும். நான் ராத்திரி வந்துடுவேன். நீ இன்னைக்கு விட்டா எப்பப் போடப்போறே? தின்னு!”

அவனுக்குப் பின்னால் நின்ற பெண்மணி அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அண்ணன் நின்றான். என்னையே பார்த்தபடி ஒரு கடலையை உரித்து வாயில் போட்டான். கண்ணில் தண்ணீர். தாடை மட்டும் ஆடு அறுக்கிறவன் கத்தி தீட்டுவது போல அசைந்தது.

போலீஸ் காரின் பின்சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. வரிசை ஊர்ந்தது. தொழிற்சாலை வண்டி வந்தது, ஹாரன் அடித்தது, போனது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவுக்குள் போனான்.

டேல் ஜன்னலருகே குனிந்தான். வாயில் கடுகு வாசனை.

“மனசுல வெச்சுக்காதே ஓடெல். எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல. சட்டம்னா சட்டம். ஆமா, சனிக்கிழமை கடை உண்டுல்ல? அந்தப் படகு மோட்டாரை எனக்குன்னு எடுத்து வெச்சிருக்கியா?”

இதுதான் என்னால் தாங்க முடியாதது. அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான். என் கையில் விலங்கு, அவன் மனசில் மோட்டார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை அவனுக்கு.

அண்ணன் வெளியே வந்தான். மார்பில், கோழி ரத்தக் கறைக்கு மேலே, ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கும் பீச் பழ ஸ்டிக்கர்.

“போட்டியா?”

“போட்டேன்.”

“வேலை?”

“வண்டி போயிடுச்சுல்ல.” கோல்பியிடம் போய் ஒரு சென்ட்டை நீட்டினான். “கொசுறுக்குக் காசு. எடுத்துக்கிட்டு என் தம்பியை விடு.”

கோல்பி வானத்தைப் பார்த்தான். அண்ணன் அந்தச் சென்ட்டைக் கார் கூரை மேல் வைத்தான். எனக்கு நேர் மேலே டக்கென்று சத்தம் கேட்டது.

“மோட்டார் என்ன விலைன்னு சொல்லலையே?” என்றான் டேல்.

எங்கள் பரம்பரையில் யாரும் எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாத ஒன்றை அன்று நான் சொன்னேன்.

“உனக்கு இல்ல.”

“ஏன்? வேற ஆள் கேட்டாங்களா?”

“யாரும் கேக்கல. துருப்பிடிச்சு ஆத்துல கிடக்கட்டும். உனக்கு இல்ல.”

கார் கிளம்பியது. என் வேனின் பின்னால் மாவிஸ் அக்கா கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள், ஸ்டிக்கரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு. பாடகர் குழுவையே அடக்கும் அந்தத் தொண்டை டயர் கடை தாண்டியும் கேட்டது.

“தண்ணி ஒரு சென்ட்! கடலை ஒரு சென்ட்! கொசுறுக்கும் ஒரு சென்ட்! வாங்க, வரிசையை விடாம வாங்க!”